இன்னிக்கு உனக்கு அரைப்பேருதான்

வா தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. இந்த வாரத்துல மூணாவது தடவையா கூரியர்காரப் பையன் என் வாசல்ல நின்னு உன் வீட்டுக்கு வழி கேட்டுட்டுப் போறான். முத நாளு நீளப் பொட்டி. ரெண்டாம் நாளு கனத்த பொட்டி. இன்னிக்குப் பொட்டிக்குள்ள பொட்டி. என்னடா சாமான்னு கேட்டா "தோட்டச் சாமான் தாத்தா"ங்கிறான். ஒரு ஏக்கர் வீட்டுத் தோட்டத்துக்குக் கோடை வேலை பார்க்க இம்புட்டு சாமானா? நாங்க மலை மலையா தேயிலைய ஒரு சொரண்டி, மண்ணு குத்த ஒரு முள்ளு, ஒரு கவ்வாத்துக் கத்தி, இத வெச்சே பார்த்து முடிச்சோம். பொட்டியெல்லாம் தொரை வீட்டுக்குத்தான் வரும். அதுலயும் சீமைச் சரக்குதான் இருக்கும், மம்பட்டி இருக்காது.

நான் யாருன்னு உனக்குத் தெரியாது. உங்க அப்பாவுக்குத் தெரியும். நான் சிலோன்காரன். 1964ல சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரு இந்தப் பக்கம்னு கணக்கு எழுதினாங்க. அந்தக் கணக்குல நானும் ஒரு தலை. ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் எறங்கி, மண்டபம் கேம்புல வரிசையில நின்னு, அரசாங்கத்து டான்டீ தேயிலைத் தோட்டத்துல பேரு குடுக்க இந்தப் பந்தலூர் மலைக்கு வந்தவன். வந்த அன்னிக்குப் பிடிச்ச மழை எப்ப விட்டுச்சுன்னு எனக்கு இன்னும் ஞாபகமில்ல.

தோட்டத்து லயத்துல ஒரு வழக்கம். வெள்ளனப் பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கிற வரிசைக்கு, நிக்கணும். நாள் முழுக்க ஒழுங்கா வேலை பார்த்தா முழுப்பேரு. இழுத்தடிச்சா அரைப்பேரு. அரைப்பேருன்னா அரைக்கூலி. கங்காணி நம்ம மூஞ்சிய பார்க்க மாட்டாரு, வேலை நடந்த எடத்தத்தான் பார்ப்பாரு. அந்தப் பழக்கம் எனக்கும் தொத்திக்கிச்சு. உன் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறப்ப கை தானா காதுல பென்சிலத் தேடுது.

சரி, அந்த ஊசி மீட்டர எடு பார்ப்போம். மண்ணுல குத்தினா ஈரம் எம்புட்டுன்னு முள்ளு ஆடிச் சொல்லுமாம். நல்லது. உன் ஆள்காட்டி வெரலு என்ன, லீவுல போயிருக்கா? ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடு. குளுகுளுன்னு இருந்தா எடுத்துட்டு வீட்டுக்குப் போ. தூளா உதுந்தா சாயங்காலம் ஒரு குடம் ஊத்து. மேல மண்ணு வெளுத்துக் கெடக்குன்னு நட்டநடு மத்தியானம் பூவாளியத் தூக்கிட்டு ஓடுறியே, செடி உன்னக் கூப்பிட்டுச்சா? வெயிலுக்கு எல தொங்குறது வேற, தாகத்துல தொங்குறது வேற. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய்ப் பாரு. எல தலைய நிமித்தியிருந்தா அது சும்மா கண்ணசந்திருக்கு. நீ ஆபீசு மீட்டிங்குல அசர்ற மாதிரிதான்.

அடுத்தது அந்தச் சருகு சமாச்சாரம். இதச் சொல்லாம என்னால கஞ்சி குடிக்க முடியாது.

திங்கக்கிழமை காலையில ஒரே எரைச்சல். ஊட்டிக்கு யாரோ பெரிய மனுசன் ஹெலிகாப்டர்ல போறாருன்னு வானத்த அண்ணாந்து பார்த்தேன். வானத்துல ஒண்ணுமில்ல. கீழ பார்த்தா நீ முதுகுல ஒரு மெசினக் கட்டிக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி போட்டுக்கிட்டு, சில்வர் ஓக்குச் சருக ஊதிக்கிட்டு நிக்கிற. ஊதி ஒரு மூலையில கூட்டினே. செவ்வாக்கெழமை அதுக்குத் தீ வெச்சே. மாசி பங்குனியில காட்டோரத்துல தீ வைக்கிறவனுக்கு இந்த ஊர்ல என்ன பேருன்னு வேற யாராவது சொல்லுவாங்க, நான் சொல்லல. புதன்கெழமை கனத்த பொட்டி வந்துச்சு. உள்ள என்ன? தேங்காய் நார்த்தூளு ஒரு கட்டி, மக்கின எரு ஒரு மூட்டை, மண்ணுமேல விரிக்கக் கறுப்புத் தாளு ஒரு சுருளு.

இப்ப நீயே சொல்லு. மரம் சும்மா கொட்டின போர்வைய காசு குடுத்து ஊதினே. காசில்லாம கொளுத்தினே. மறுபடியும் காசு குடுத்து வேற போர்வை வாங்கினே. இதுக்கு மேனேஜ்மெண்டு படிப்பு வேற. தண்ணி பாட்டிலக்கூட செக்போஸ்ட்டுல நிறுத்திப் பிடுங்குற மாவட்டம் தம்பி இது. இங்க நீ பிளாஸ்டிக் தாளச் சுருளு சுருளா விரிக்கிற. செடிக்கு நெழல் வேணும், வேருக்குப் போர்வை வேணும். ரெண்டையும் அந்த ஒரே சில்வர் ஓக்கு குடுக்குது. அதுக்கு நீ கரண்டு பில்லும் கட்ட வேண்டாம்.

கரண்டுன்னதும் ஒண்ணு. உனக்குக் கரண்டு இருக்கு, நல்லா இரு. இந்தச் சுத்துவட்டாரத்துல ஜென்ம நெலம்னு சொல்லி, 1969ல போட்ட சட்டம் இன்னும் முடிச்சவிழாம, பட்டாவும் இல்லாம லைட்டும் இல்லாம எத்தனையோ வீடு கெடக்கு. அவங்க தோட்டத்தப் போய்ப் பாரு. மீட்டரும் இல்ல மோட்டரும் இல்ல. ஊத்துலருந்து ஓசு போட்டு, ஒரு பீலி வெச்சு, பீலித்தண்ணி விழுற எடத்துல ரெண்டு சேம்பு, நாலு நேந்திரன். தண்ணி வீணா ஓடல. நானும் அப்படித்தான் வெச்சிருக்கேன். கை கழுவின தண்ணி வாழைக்குப் போகுது, வாழை கொலை தள்ளி எனக்குக் குடுக்குது. ரெண்டு பேருக்கும் நடுவுல எந்தக் கம்பெனியும் இல்ல.

உன் போன்ல ஒருத்தர் விவசாயம் சொல்லித் தர்றாரே, நல்ல சட்டை போட்டுக்கிட்டு. "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு அவரு சொன்னாருன்னு வெத வாங்கி டப்பாவுல வெச்சிருக்கே. ஏப்பா, அது யாரு சொன்ன பழமொழி? தஞ்சாவூர்க்காரன் சொன்னது, மதுரைக்காரன் சொன்னது. அவனுக்கு ஆடி காத்து. நமக்கு ஆடி எதுன்னு தெரியுமா? டிவியில மழைக்கணக்கு வாசிக்கிறப்ப தேவாலா, பந்தலூருன்னு முதல்ல வாசிப்பாங்களே, அதுதான் நமக்கு ஆடி. அன்னிக்கு நீ கீரை வெத போட்டா, அது மொளைக்கிறப்ப நெலம்பூர்ல மொளைக்கும். மலையாளத்துக்காரன் பறிச்சுத் தோரன் வெச்சுச் சாப்பிட்டுட்டு உனக்கு நல்லா இருக்கணும்னு ஒரு வாழ்த்துச் சொல்லுவான்.

இங்க வெதப்பு எப்பன்னா, கோடை மழை ரெண்டு விழுந்து மண்ணு சூடு ஆறின பெறகு. சித்திரையில இஞ்சி. மேட்டுப் பாத்தி போட்டு, வெத இஞ்சி ஒண்ணு 20, 25 கிராமுக்குக் குறையாம, மொளை மேல பார்க்க வெச்சு மூடு. அதுக்கு மேல பச்சைத் தழைய மூடு மூடுன்னு மூடு. பாத்தி கண்ணுக்கே தெரியக் கூடாது. போன வருசம் இஞ்சி வெச்ச எடத்துல இந்த வருசமும் வெச்சேன்னு வை, அழுகல் வந்து இஞ்சியோட வெதக் காசும் போயிரும். சேனைய மாசியிலயே பொதைச்சிருக்கணும். நீ அப்ப நாற்காலி வாங்கிக்கிட்டிருந்தே.

நீ தனி ஆளுன்னு நெனைக்காத. இந்த மண்ணப் பார்க்காம மண்ணுல காசு போட்ட மொத ஆளு நீ இல்ல. ஒனக்கு முன்னாடி லண்டன்காரன் போட்டிருக்கான். இந்தப் பந்தலூர்லயும் தேவாலாவிலயும் தங்கம் இருக்குன்னு ஒரு பேச்சு. 1879ல ஆஸ்திரேலியாவுல சுரங்கம் பார்த்த ப்ரஃப் ஸ்மித்துன்னு ஒரு தொரையக் கூட்டி வந்து பார்க்கச் சொன்னாங்க. பார்த்தாரு, எழுதினாரு. அவ்வளவுதான். ரெண்டே வருசத்துல 41 கம்பெனி. காயிதக் கணக்குல 50 லட்சம் பவுண்டு முதலு. மெசினு வந்துச்சு, பெரிய சம்பளத்துல மானேஜருங்க வந்தாங்க, பங்களா எழும்புச்சு. பந்தலூரு பெரிய டவுனாகப் போகுதுன்னாங்க.

தங்கம் இல்லையான்னா, இருந்துச்சு. வெள்ளைக் கல்லுக்குள்ள மினுக்குன்னு இருந்துச்சு. வயநாட்டு ஆளுங்க காலங்காலமா மரத்தட்டுல மண்ணு அலசி எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா கல்ல ஒடைச்ச கூலிக்கு அந்த மினுக்கு காணல. கொஞ்ச வருசத்துல மெசினெல்லாம் துருப்பிடிச்சு புதருக்குள்ள போயிருச்சு. இப்பவும் அந்தச் சுரங்கப் பொந்து சிலது கெடக்கு, வவ்வாலு குடியிருக்கு. மரத்தட்டுக்காரனுக்கு நட்டமில்ல. அவன் எம்புட்டு வரும்னு தெரிஞ்சுதான் தட்ட எடுத்தான். நீ அந்தச் சொட்டுநீர்க் குழாயப் பொட்டியிலருந்து எடுத்தப்ப எனக்கு 41 கம்பெனியும் கண்ணு முன்னால வந்துச்சு. 42ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். கோவிச்சுக்காத.

சொட்டுநீரு மோசமா? பல்லடத்துல சாமி மாதிரி. இங்க உனக்குத் தண்ணி போதலைங்கிற கவலை ரெண்டு மாசம். தண்ணி தாங்கலைங்கிற கவலை அஞ்சு மாசம். அப்ப கோடையில பார்க்க வேண்டிய வேலை எது? தண்ணிய உள்ள கூட்டிட்டு வர்றதா, வெளிய போறதுக்கு வழி வைக்கிறதா?

கான் வெட்டணும் தம்பி, கான். வா, எறங்கி வா, காட்டுறேன். அந்தச் செருப்பக் கழட்டு, வழுக்கும்.

பாரு, இது உங்க தாத்தா வெட்டின கான். சரிவுக்குக் குறுக்க, லேசா ஒரு பக்கம் சாஞ்சு போகுது. இப்ப மண்ணும் சருகும் மூடி, மேல புல்லு மொளைச்சு, நீ இத நடைபாதைன்னு நெனச்சு ரெண்டு பக்கமும் கல்லு அடுக்கி வெச்சிருக்கே. அழகுதான். ஆனி மாசம் மேல ரோட்டுத் தண்ணி மொத்தமும் இதுல வந்து, போக வழியில்லாம, நேரா உன் இஞ்சிப் பாத்தியில எறங்கும். அங்கருந்து சமையக்கட்டுக்கு நாலே எட்டு.

மம்பட்டியப் பிடி. அப்படி இல்ல, எலும்பு முறிஞ்சிரும். கொஞ்சம் குனிஞ்சு, கைய எறக்கிப் பிடி. ஆங். அள்ளின மண்ண எங்க போடுற? மேல் பக்கம் போடாத. மேல போட்டா மொத மழைக்கே திரும்ப கானுக்குள்ளதான் வந்து விழும், நீ மறுபடியும் அள்ளணும். கீழ்ப் பக்கம் போட்டு மிதிச்சு விடு, அது ஒரு வரப்பாட்டம் நிக்கும். ஒரேயடியா வாய்க்கா மாதிரியும் வெட்டாத. பத்தடிக்கு ஒரு தடுப்பு, கானு ஆழத்துல பாதி ஒசரத்துக்கு விட்டு வை. தண்ணி ஓடி வரும், தடுப்புல முட்டி நிக்கும், கொண்டு வந்த மண்ண அங்க எறக்கி வெச்சுட்டு மேலால வழிஞ்சு போகும். மண்ணு நம்மகிட்ட, தண்ணி மட்டும் மலையாளத்துக்கு. கோடை முடியுறப்ப அந்தக் குழிமண்ண அள்ளி வாழைக்குப் போட்டுப் பாரு. நீ வாங்கின மூட்டை எரு வெக்கப்படும்.

சாய்வு சரியா இருக்கான்னு பார்க்க போன்ல ஏதோ வெச்சிருக்கியாமே? அத உள்ள வை. ஒரு வாளித் தண்ணிய மேல் தலையில ஊத்து. எங்க நிக்குதோ அங்க பள்ளம், எங்க ஓடுதோ அங்க சரி. தண்ணி போற வழிய தண்ணியக் கேட்டா சொல்லிரும்.

இப்ப காப்பி. உன் வீட்டுக்குப் பின்னால நிக்கிற நாப்பது செடியும் ரொபஸ்டா. மாசிக் கடைசியில ஒரு மழை விழுமே, அதுக்குப் பேரு பூமழை. அது விழுந்து எட்டுப் பத்து நாள்ல ஒரு காலையில செடி மொத்தமும் வெள்ளை. மல்லிகைக் கடைக்குள்ள தூங்கி முழிச்ச மாதிரி வாசம். அந்த அன்னிக்குத்தான் நீ மருந்துத் தெளிப்பான் தூக்கிக்கிட்டு வந்தே. ஏன்னு கேட்டா "பூச்சி வருது தாத்தா"ங்கிற. பூச்சியில்ல ராசா, தேனீ! ரொபஸ்டாவுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஒட்டாது. அடுத்த செடியிலருந்து வரணும். காத்தும் தேனீயும்தான் கொண்டு வரணும். கல்யாணத் தரகரக் கல்லால அடிச்சு வெரட்டிட்டு, மகனுக்குப் பொண்ணு அமையலைன்னு அழுதா ஆச்சா? பூ இருக்கிற நாள்ல காப்பிப் பக்கமே போகாத. வேணும்னா நாற்காலியப் போட்டு உக்காந்து மோந்து பாரு. அந்த நாற்காலிக்கு ஒரு வேலை கெடைச்சுது.

மொளகப் பத்திக் கொஞ்சம் பொறுமையாப் பேசணும். ஏன்னா காசு அதுலதான். உன் முருக்கு மரத்துல ஏறிக் கெடக்கிறது பாதி கரிமுண்டா, பாதி பன்னியூரு. பன்னியூருக்கு வெயிலு வேணும். நெழலுக்குள்ள வெச்சா எல வளரும், திரி வராது. கரிமுண்டா நெழலத் தாங்கிக்கும். அதனால வைகாசியில மழைக்கு முன்னால முருக்கோட கெளைய கழிச்சு விடு. கழிச்ச தழைய ஊதாத, கொளுத்தாத, கொடிக்கு அடியில போடு. சொல்லிட்டேன்.

மழை எறங்கினா மொளகுக்கு எமன் வாடல் நோயி. ஒரு வாரத்துல கொடி கறுத்துத் தொங்கிரும். அதுக்கு மழை தொடங்குற சமயத்துலயே துருசுக் கலவை, அதான் மயில்துத்தக் கலவை, அடிக்கணும். போர்டோ கலவைம்பாங்க. நீ பேரக் கேட்டதும் பிரான்சுச் சரக்குன்னு சந்தோசப்படுறது தெரியுது. பிரான்சுதான். அந்தக் கதையும் கேளு. அங்க ரோட்டோரத் திராட்சையப் போறவன் வர்றவன் பறிச்சுத் திங்கிறான்னு, தோட்டக்காரன் துருசையும் சுண்ணாம்பையும் கலக்கி எலமேல தெளிச்சு வெச்சான். நீலமாக் கெடந்தா விசம்னு பயந்து தொட மாட்டானாம். மில்லார்டெங்கிற வாத்தியாரு ஒருத்தரு பார்த்தாரு. ரோட்டோரக் கொடியில மட்டும் நோயில்ல, உள்ள இருக்கிறதுல நோயி. யோசிச்சாரு. 1885ல எழுதி வெச்சாரு. திருடனுக்குக் கலக்கினது நோய்க்கு மருந்தாச்சு. உன் பொட்டியில இப்படி ஒரு அதிர்ஷ்டம் இருந்தாச் சொல்லு, நானும் ஒண்ணு வாங்குறேன்.

கலக்குறத இப்பப் பாத்துக்க. துருசு 100 கிராமு, அஞ்சு லிட்டர் தண்ணியில கரைச்சு ஒரு வாளி. நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராமு, அஞ்சு லிட்டர்ல இன்னொரு வாளி. இரும்பு வாளி கூடவே கூடாது. துருசுத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணியில மெதுவா ஊத்தணும், ஒரு கையி கிண்டிக்கிட்டே இருக்கணும். மாத்தி ஊத்தினா திரிஞ்ச பாலு மாதிரி ஆயிரும். வானம் நெறத்துல வந்துச்சா? இப்ப அந்த அருவாள நல்லாத் தேய்ச்சு உள்ள முக்கு. கொஞ்ச நேரம் வை. எடு. வாயில செம்பு நெறம் ஏறியிருக்கு, பார்த்தியா? துருசு இன்னும் அடங்கல. எலய பொசுக்கிரும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி விடு. கிண்டு. மறுபடி முக்கு. இப்ப அருவா அருவாவாவே வருது. இதுதான் பதம். இதுக்கு என்ன மீட்டரு விப்பாங்க உங்க ஆளுங்க? கலக்கினத அன்னிக்கே அடிச்சு முடி. நாளைக்கு வெச்சா பலனில்ல.

கூடலூர்ல மே மாசம் வாசனைத் திரவியக் கண்காட்சி போடுவாங்க. ஏலக்காயில யானை, கிராம்புல மயிலுன்னு பண்ணி வெச்சிருப்பாங்க. கூட்டத்தோட நின்னு படம் எடுப்பே. எடு. வீட்டுக்கு வந்து ஒன் கொடியில திரி எத்தனைன்னு எண்ணிப் பார்த்திருக்கியா?

யானைன்னதும் சிரிக்கிறத நிறுத்திக்கிறேன். அண்ணாந்து பாரு. பலா மரத்துல எத்தனை காய்? நான் எண்ணிட்டேன், முப்பத்தெட்டு. "இயற்கையாப் பழுக்கட்டும் தாத்தா, வாசமா இருக்கும்"ங்கிற. வாசமா இருக்கும். அந்த வாசம் உன் மூக்குக்கு நாப்பதடி வரும். யானை மூக்குக்கு அந்தக் காட்டு மூலை வரைக்கும் போகும். அது ராத்திரி வரும், வேலியக் கேக்காது, அந்தச் சென்சார் லைட்டு எரிஞ்சா "நன்றி"ன்னு சொல்லிட்டுத் தின்னும். அரிசி ராஜான்னு ஒரு மக்னா, கொம்பில்லாத ஆண் யானை, இருந்துச்சே, பந்தலூர் மக்னா, பேப்பர்ல பி.எம்.2ன்னு போடுவாங்க. அரிசி வாசத்துக்கு வீட்டுச் சுவத்த ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்த யானை. ஆளையும் கொன்னிருக்கு. 2022 டிசம்பர்ல கும்கி வெச்சு, ஊசி போட்டுப் பிடிச்சு, முதுமலைக் காட்டுல கொண்டு விட்டாங்க. ஒரே மாசம். சனவரியில சுல்தான் பத்தேரி டவுனு ரோட்டுல நின்னுச்சு. வயித்துக்கு ஒருக்கா ருசி பழகிட்டா காடு வெறும் வழிதான் அதுக்கு.

அதனால இப்பவே, பிஞ்சா இருக்கிறப்பவே வெட்டு. வீட்டை ஒட்டி ஒரு பலாவும் பழுக்க விடாத. பொரியலு வை, மலையாளத்துக்காரங்க மாதிரி இடிச்சக்க வை, பக்கத்து வீட்டுக்குக் குடு, பாலு ஒட்டாம கையில தேங்காயெண்ணெய் தடவிக்க. அந்தக் கொக்கிக் கம்பு எங்க? அதுவும் ஆன்லைன்ல வரணுமா? மூங்கில்ல என் அருவாளக் கட்டு.

மெல்ல. கீழ நிக்கிறது நான்.

சரி, போதும் இன்னிக்கு. கெழக்கால பாரு, நாடுகாணிப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. சாயங்காலம் ஒரு தூத்தல் போடும். கான்ல நீ வெட்டினது இருவதடி. அதுல ஆறடிக்கு மண்ண மேல் பக்கம் போட்டிருக்கே, நான் பாக்கலைன்னு நெனச்சே. அரைப்பேரு போட்டுக்கிறேன். அந்த அட்டைப் பொட்டிங்கள எறியாத, பிரிச்சு இஞ்சிப் பாத்திக்கு நடுவுல விரிச்சுத் தழையப் போடு, புல்லு வராது. உள்ள இருந்ததுக்கு அப்புறமா வேலை பார்க்கலாம். அந்தப் பலாப் பிஞ்சுல பெருசா ரெண்டு இந்தச் சாக்குல போடு. ரெண்டுன்னேன், ஒண்ணு இல்ல. பாட்டி உங்க வீட்டுக் காயிதான் பொரியலுக்கு நல்லாருக்குங்கிறா.